நெதர்லாந்தில் ஒரு சிங்கவரத்துக்காரர்

செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். பயணச்சீட்டைப் பிரின்ட் எடுக்க வந்த நான் அரை மணி நேரமாக நிற்கிறேன். எனக்கு முன்னால் சிங்கவரத்து விவசாயி ஒருவர். மோட்டார் இணைப்புக்காக அவருடைய பட்டா நகல் மதியத்துக்குள் கரண்ட் ஆபீஸுக்குப் போயாக வேண்டும். அரசு இணையதளமோ, அவர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லித் திறக்க மறுக்கிறது.

"காலையில சிங்கவரத்துலேர்ந்து பஸ்ஸுல வந்தேன். இன்னா வெளிநாடு?" என்கிறார்.

கடைக்காரர் மூலையைக் காட்டுகிறார். பக்கத்து மருந்துக்கடைப் பெண் ஹெட்போன் மாட்டிக்கொண்டு திரையில் யாரையோ சுட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அந்த கேமை கவர்மென்ட் தடை பண்ணிட்டாங்க. அதான் விபிஎன்னு ஒண்ணு போட்டு, நெட்டு கணக்குல மொத்தக் கடையையும் நெதர்லாந்துல வெச்சிருக்கேன். ஆஃப் பண்ணா எல்லா சிஸ்டமும் இந்தியாவுக்கு வந்துடும்."

நாட்டுக்குள் இருந்தால் விளையாட்டு கிடையாது, வெளியே போனால் பட்டா கிடையாது. யாரைத் திட்டுவதென்று எனக்குத் தெரியவில்லை.

"அண்ணா, ரெண்டே நிமிஷம் நெதர்லாந்துலயே இருண்ணா. கடைசி ஆளுதான் பாக்கி," என்று அவள் திரும்பாமலே கெஞ்சுகிறாள்.

விவசாயி வாசல் வழியாகக் கோட்டை மலையைப் பார்க்கிறார். அது இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"சரி, முடிச்சுட்டே வாம்மா," என்று ஸ்டூலில் உட்கார்கிறார்.

அவள் ஜெயித்துக் கத்துகிறாள். கடைக்காரர் விபிஎன்னை நிறுத்துகிறார். அவள் திரை வெளுத்து, நடுவில் இரண்டு வரி ஆங்கிலம் வருகிறது.

"இன்னாம்மா போட்டிருக்குது?"

"உங்க நாட்டுல இதுக்குத் தடைன்னு."

அவர் முகம் மலர்கிறது.

"அப்பாடா, ஊருக்கு வந்துட்டோம்."