கூரை ஏறாத வீடும் நான் அனுப்பிய கடல் படங்களும்

கடந்த வருட நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு மாலைதீவிலிருந்து சொந்த ஊரான கல்முனைக்கு வந்திருந்தேன். மாலைதீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியர் வேலை. பட்டம் முடித்த சூட்டோடு துள்ளிக்கொண்டு போனவன் நான். பெருநாளுக்கு வரும்போதோ, திரும்பிப் போவதா விடுவதா என்ற ஒரே யோசனைதான்.

ஒரு பையன் வெற்றுத்தாள் தந்திருந்தான். அதற்கு ஐம்பத்திரண்டு புள்ளி போடச் சொன்னார் பள்ளி அதிபர். முடியாது என்றேன். மறுநாள் அந்த வகுப்பின் முன்னாலேயே என்னை நிறுத்தி அவனிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார். கேட்டேன். பின்னேரம் கடற்கரைக்குப் போய், சிரித்தபடி ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டு வருடமாக அனுப்பியதெல்லாம் அந்த மாதிரிப் படங்கள்தான்.

வேறு வழி தெரியவில்லை. எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். வாப்பா மௌத்தாகிவிட்டார். தங்கச்சியின் வீடு என் பொறுப்பு. சுவர் எழும்பிவிட்டது, கூரை மட்டும் பாக்கி. மாப்பிள்ளையும் பேசி முடித்தாகிவிட்டது. ஊரில் ரியூட்டரி என்கிற தனியார் வகுப்பில் என்னைப் போலவே விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்.

பெருநாளைக்கு அடுத்த நாள் அவர் கையில் ஒரு ஃபைலோடு வந்தார்.

“மச்சான், உங்கட ஸ்கூல்ல எனக்கும் ஒரு வேல பாருங்களன்.”

“அங்க வராதீங்க மச்சான். நானே திரும்பிப் போறல்ல எண்டுதான் யோசிக்கன்.”

“கடலுக்குள்ள குடியிரிக்கிற ராசா மாதிரிப் படம் போடுறீங்க. இப்ப என்ன கதை இது?” என்று சிரித்தார்.

மன்னிப்புக் கேட்ட கதையை முதல்முறையாக ஒரு ஆளிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. இரக்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

“நானும் வந்தா உங்கட மதிப்புக் குறைஞ்சிரும் எண்டு பாக்கிறீங்களா? விருப்பமில்லாட்டி வேணாம் எண்டு நேரா செல்லுங்க மச்சான்.”

தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போய்விட்டார்.

அன்றே உம்மாவிடமும் சொன்னேன். உம்மா கூரையில்லாத சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஒரு வருசம் பல்லக் கடிச்சிட்டு இரி மகன்,” என்றார். அவ்வளவுதான். படங்களைத்தான் எல்லோரும் நம்பினார்கள். அவற்றை எடுத்தவன் சொன்னதை நம்ப ஒருவருமில்லை.

விமானத்துக்கு முதல்நாள் கொழும்பு பஸ்ஸில் நான் ஏறவில்லை. வேலையை விடுவதாக மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் படுத்துக்கொண்டேன். “கலைச்சி உட்டுட்டாங்களாம்” என்று ஊர் கதைத்தது. வாசலுக்கு வந்து கேட்டவர்களும் உண்டு.

ஒரு மாதத்துக்குள், என்னை அனுப்பிய அதே முகவர் மூலமாக, நான் விட்டு வந்த அதே இடத்துக்கு மாப்பிள்ளை போனார். அவர் புறப்படுமுன், போக வேண்டாம் என்று இன்னொரு முறை சொல்லப் போனேன். வாசலிலேயே ஸலாம் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளிவைத்தார்கள். கூரையை நாங்களே போடுகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னபோது உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பெண்வீட்டுக் கூரை மாப்பிள்ளையின் உழைப்பில் ஏறுவதை விட எங்களுக்குப் பெரிய தலைகுனிவு இல்லை.

ஓடு போட்டு முடிந்த கிழமை அவர் எனக்கு அழைப்பு எடுத்தார்.

“மச்சான், நாளைக்கு என்னை வகுப்புக்கு முன்னால நிக்கச் செல்லிரிக்காங்க.”

“உட்டுட்டு வாங்க மச்சான். இண்டைக்கே வாங்க.”

“எப்புடி வாற? கூரைக்குக் கடன் எடுத்திரிக்கன். உங்கட தங்கச்சிக்கிட்ட மட்டும் இதச் செல்லிராதீங்க.”

ஓம் என்றேன்.

அந்த வேலையை விட்டது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் புது வீட்டைக் கூட்டிக்கொண்டே தங்கச்சி, “அவருக்கு அங்க எப்புடி நானா?” என்று கேட்கும்போதெல்லாம் “நல்லம்” என்று சொல்கிறேனே, அந்த ஒரு சொல்லுக்காக என்னால் என்னை இன்னும் மன்னிக்க முடியவில்லை.