தரைப்பாலத்தில் ஏறிய மீன்

ரத்னா நடை பழகிய வயசிலேயே அவள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஊர் வல்லம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. அதனால் அப்பா நாகப்பன் அவளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டே கழனிக்குப் போனார். ஏரி மடைக்குக் கீழே ஒரு துண்டு நிலம். ரத்னா வளர்ந்ததெல்லாம் அங்கேதான்.

நாகப்பன் அதிகம் பேசாத மனுஷன். மாட்டிடம் பேசுவதில் பாதிகூட மகளிடம் பேசமாட்டார். ஆனால் கரைப்பக்கம் போய்த் திரும்பினால் வேட்டி மடியில் ஈச்சம்பழமோ களாக்காயோ இருக்கும். கதிர் முற்றும் காலத்தில் பரண்மேல் அவளை ஏற்றிவிட்டுத் தகர டப்பாவைக் கையில் கொடுப்பார். அவள் கொஞ்ச நேரம் தட்டுவாள். பிறகு குருவிகள் கதிரைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

"இன்னாம்மா, ஓட்டலையா?"

"பசிக்குதாம்ப்பா அதுங்களுக்கு."

அவர் திட்டமாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தானே போய் ஓட்டிவிட்டு வருவார்.

ஐப்பசி மழையில் ஏரி நிறைந்து வழிந்து கோடி போகும்போதுதான் நாகப்பன் வேறு ஆளாகிவிடுவார். புதுத்தண்ணியை எதிர்த்துக் கெண்டையும் கெளுத்தியும் துள்ளித் துள்ளி ஏறும். அப்பாவும் மகளும் முழங்கால் தண்ணியில் நின்று துண்டை விரித்துப் பிடிப்பார்கள். வழுக்கிப் போகிற மீனைப் பார்த்து நாகப்பன் வாய்விட்டுச் சிரிப்பார். வேறு எப்போதும் அந்தச் சிரிப்பை அவள் கேட்டதில்லை.

குன்றத்தூரில் லாரி டிரைவர் ஒருவனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் நெல்லூர்ப் பக்கம் லோடு ஏற்றிப் போனவன், அங்கேயே வேறு குடும்பம் பண்ணிக்கொண்டான். பிள்ளை இல்லை. அப்பாவும் போனபிறகு கழனி பங்காளிகள் கைக்குப் போனது. ரத்னா குன்றத்தூரிலேயே ஒற்றை அறையில் தங்கி, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்வந்தாள். லீவு நாளில் சாமி கும்பிடுகிறவர்களுக்குக் கோயில், மற்றவர்களுக்குச் சினிமா. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே என்ன செய்வதென்று தெரியாது. ஓ.டி. இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஷிப்ட் முடிந்து திரும்பும்போது வழியில் ஒரு தரைப்பாலத்தை வெள்ளம் மூடியிருந்தது. பஸ் நின்றுவிட்டது. "தண்ணி எறங்குற வரைக்கும் வண்டி போவாது" என்று கண்டக்டர் சொன்னார். ஜனம் முணுமுணுத்துக்கொண்டே இறங்கியது. ரத்னாவும் இறங்கினாள். கூடவே பேக்கிங் லைனில் அவள் பக்கத்தில் நிற்கிற தென்றல் என்ற சின்னப் பெண்ணும்.

பாலத்தின் ஓரத்தில் பளிச்சென்று ஏதோ துள்ளியது. இன்னொன்று. ரத்னா செருப்பைக் கழற்றிவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"அக்கா, இன்னா பண்றீங்க?"

"மீன் ஏறுதுடி! உன் தாவணியக் குடு. அந்த முனையப் புடி, வுட்டுடாத!"

ஒரு கெண்டை துணிக்குள் விழுந்து, எகிறி, ரத்னாவின் முகத்தில் தண்ணியடித்துவிட்டு ஓடியது. ரத்னா சிரித்தாள். தென்றல் துணியைப் பிடித்தபடி அவளையே பார்த்தாள்.

"உங்களுக்குச் சிரிக்கக்கூட வருமாக்கா?"

தண்ணி இறங்கி வண்டி கிளம்பியபிறகு, சோற்றுத் தூக்கு நிறைய மீனோடு ரத்னா வீடு வந்து குழம்பு வைத்தாள். கை பழைய நினைப்பில் ஒரு குடும்பத்துக்கு ஆகிறாப்போல வைத்துவிட்டது. ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வீட்டுக்காரம்மா எழிலரசியின் கதவைத் தட்டினாள்.

"மாலை போட்டிருக்கோமே ரத்னா. கவிச்சி வூட்டுக்குள்ள ஆவாது."

"மறந்தே போச்சுக்கா" என்று திரும்பிவந்து தனியாகச் சாப்பிட்டாள். மீதியை மறுநாள் கம்பெனிக்கு எடுத்துப்போனாள். வல்லத்தில் அப்பாவோடு மீன் பிடித்ததைத் தென்றலிடம் சொன்னாள். அவள் விரலை நக்கிக்கொண்டே கேட்டாள்: "ஒரு தபா உங்க ஊருக்கு என்னயும் இட்டுக்கினு போங்கக்கா."

"போலாம்" என்றாள் ரத்னா.

தை பிறந்ததும் தென்றலுக்குக் கல்யாணம் முடிவானது; அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரத்னா மட்டும் பஸ் ஏறி வல்லத்துக்குப் போனாள். அப்பா வீடு இருந்த இடத்தில் பங்காளி வைக்கோற்போர் போட்டிருந்தான். அவள் ஏரிக்கரைமேல் ஏறி உட்கார்ந்தாள். தண்ணி பாதி இறங்கி, கொக்குகள் சேற்றில் நின்றுகொண்டிருந்தன.

புல்லுக்கட்டோடு வந்த ஒருத்தி நின்றாள். "யாரும்மா நீ, தனியாக் குந்திக்கினு கீறே?"

"நாகப்பன் பொண்ணு."

"எந்த நாகப்பன்? இங்க ரெண்டு மூணு பேரு கீறாங்களே."

ரத்னா யோசித்தாள். பேசாதவர் என்று சொல்லலாம். மழையில் சிரிப்பார் என்று சொல்லலாம்.

"மடைக்குக் கீழ பயிர் வெச்சிக்கினு இருந்தாரே, அவரு."

"தெரிலியேம்மா. நா வாக்கப்பட்டு வந்தவ" என்று சொல்லி அவள் கட்டைச் சரிசெய்துகொண்டு போனாள். வெயில் தணிகிறவரை ரத்னா அங்கேயே இருந்தாள். பிறகு புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தாள்.