போனுக்கு மாடி தெரியாது

லிப்ட் மெக்கானிக்கைப் பற்றி அந்தக் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அதே வாய்கள் வேறு மாதிரி சொல்லியிருக்கும். அப்போது அவர் குடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அன்றைக்கு விட்டவர்தான். மருந்து மாத்திரை எதுவும் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு விட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் போடாத ஒரு சட்டம் வந்தது. குடி என்ற வார்த்தையை இருவரும் வாயில் எடுப்பதில்லை. டிவியில் யாராவது பாட்டிலைத் திறந்தால் அவள் சேனலை மாற்றுவாள், அவர் ஜன்னலைப் பார்ப்பார். அந்தச் சட்டம்தான் அவரைக் குப்புறத் தள்ளியது.

ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் பழைய லிப்டைக் கழற்றிப் புதியது மாட்டும் வேலை, இரண்டு மாதத்துக்கு. கீழே செருப்புக் கடை, முதல் மாடியில் பல் டாக்டர், இரண்டில் வக்கீல்கள், மூன்றில் குடி மறுவாழ்வு மையம். மூன்றாவது மாடியில் அவருக்கு வேலை என்று பார்த்தால் கதவுப் பூட்டை மாற்றிய அரை நாள்தான். மற்ற நேரமெல்லாம் அடிக்குழியிலோ உச்சியில் மோட்டார் அறையிலோ கிரீஸில் குளித்துக்கொண்டிருந்தார்.

சட்டைப் பையில் போன். அவர் எங்கே இருக்கிறார் என்று கம்பெனியின் வருகைப்பதிவு ஆப் பார்த்துக்கொண்டே இருக்கும். டார்ச், வானிலை என்று ஓசியில் வந்து உட்கார்ந்த ஆப்களும் கூடச் சேர்ந்து பார்த்தன. போனுக்குக் கட்டடம் தெரியும், மாடி தெரியாது. தெரிந்த அரைகுறையை யாருக்கோ விற்றுவிட்டது. பல் டாக்டர் விளம்பரமும் வந்தது, செருப்பு விளம்பரமும் வந்தது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

ஒரே வீடு, ஒரே வைஃபை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றாவது மாடி மையத்தின் விளம்பரம் மனைவியின் போனிலேயே வந்து நின்றது. ‘உங்கள் வீட்டுக்காரர் மறுபடி தொடங்கிவிட்டாரா? உங்களிடம் மறைக்கிறாரா? முதல் ஆலோசனை இலவசம்.’ கீழே முகவரி.

"நீங்க வேலை பார்க்கிற பில்டிங் இதுதானே?"

"ஆமா."

"இப்படி ஒரு இடம் அங்க இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே."

எப்படிச் சொல்வார்? அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாத வீட்டில்.

"உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் சொல்லல. வேணும்னா சூப்பர்வைசரைக் கேளு, நாள் முழுக்கக் குழியிலதான் கிடக்கிறேன்."

"அவரையா? அந்தக் காலத்துல நீங்க சைட்ல சுயநினைவு இல்லாம கிடந்தப்போ, ஓவர்டைம்னு எனக்குப் போன் பண்ணினவர்தானே?"

பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்றுதான் சொல்வார்கள். சொல்கிற ஊருக்காவது ஒருநாள் வாய் வலிக்கும். போனுக்கு அதுவும் கிடையாது. அவள் ஒரு தடவை அந்த விளம்பரத்தைத் தொட்டுப் பார்த்தாள், அவ்வளவுதான், மணிக்கு மூன்று வர ஆரம்பித்தன.

மறுநாள் அவர் லொக்கேஷனை அணைத்து வைத்தார். பத்து மணிக்கு சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

"நீ வேலைக்கே வரலைன்னு காட்டுதே. ஆன் பண்ணு."

"சார், அதால வீட்ல ஒரு பிரச்சினை..."

"வீட்டுப் பிரச்சினையை வீட்ல பேசு."

ஆன் செய்தார். சாயங்காலம் எதை நிறுத்தினால் இது நிற்கும் என்று போனை நோண்டிக்கொண்டிருந்தபோது, "எதை அழிக்கிறீங்க?" என்றாள் மனைவி. போனைக் கீழே வைத்துவிட்டார்.

சண்டை போட்டிருந்தால் கூடத் தேவலை. அவள் போடவில்லை. அவர் வீடு திரும்பும்போது கதவைத் திறந்து, ஒரு நொடி கிட்டத்தில் நின்று மூச்சை இழுப்பாள். அவரும் அசையாமல் நின்று கொடுப்பார். கிரீஸ் நாற்றம்தான் வந்திருக்கும். அதற்கும் அவள் முகம் தெளியவில்லை. ஆறு வருஷம் ஒழுங்காக இருந்த மனுஷனுக்கு இது என்ன கொடுமை என்று யாரிடம் போய்க் கேட்பது?

மூன்றாவது வாரம் பரண்மேல் இருந்த பெட்டி கீழே இறங்கியிருந்தது. துடைத்தும் வைத்திருந்தாள்.

"நாளைக்கு அங்க போவோம். நானும் கூட வர்றேன். திட்ட மாட்டேன்."

அவர் பெட்டியைப் பார்த்தார். சரி என்றார்.

லிப்ட் இன்னும் ஓடவில்லை, படியேறித்தான் போனார்கள். ஆலோசகர் கண்ணாடி போட்ட சாதுவான மனிதர். காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

"கடைசியா எப்ப குடிச்சீங்க?"

"ஆறு வருஷம் ஆச்சு, சார்."

ஆலோசகர் பேனாவை மூடி வைத்தார். "முதல் நாள் எல்லாருமே இப்படித்தான் சொல்வாங்க. அவசரமே இல்ல, யோசிச்சுச் சொல்லுங்க."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அவர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை உண்மையைச் சொன்னால் இவள் இங்கிருந்து நேராகப் போய்ப் பெட்டியைத் தூக்குவாள் என்று தெரிந்தது.

"போன மாசம்தான், சார்" என்றார்.

ஆலோசகர் எழுதிக்கொண்டார். மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சொல்லிட்டீங்க இல்ல, எனக்கு அது போதும்."

மூன்று வாரமாக அவர் சொன்ன எதையும் நம்பாதவள், இதை உடனே நம்பிவிட்டாள்.