சமதரையில் ஒரு பள்ளம்

கடைக்காரர் ஏலக்காயைப் பழைய பேப்பரில் மடித்துக் கொடுத்தார். வீட்டில் காயை டப்பாவில் கொட்டிவிட்டுப் பேப்பரைப் படித்தேன். படித்தேன் என்றால், எழுத்துக் கூட்டித்தான். நான் ஒரு சேதி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும். யாரோ ஒரு கைதி தப்பியோடும்போது பள்ளத்தில் விழுந்து கால் முறிந்ததாம். பேப்பரில் ஏலக்காய் மணம் ஏறியிருந்தது. கருப்பையா நினைவுக்கு வந்துவிட்டான்.

முதல் உலகச் சண்டை முடிந்த சமயம். மலைமேல் இருக்கும் போடிமெட்டுக்கு அப்போது ரோடு கிடையாது, பாதைதான். நானும் கருப்பையாவும் பொதிமாடு ஓட்டினோம். மேலே அரிசி போகும், கீழே ஏலக்காய் வரும். எதிரே வருகிற மாடு ஒதுங்க வேண்டுமே, அதற்காக மாட்டுக் கழுத்தில் மணி கட்டியிருப்போம். ஆனால் பாதி மலையில் ஒரு போலீஸ் சாவடி இருந்தது. மணி கேட்டால் வெளியே வருவார்கள். கொஞ்சம் அரிசி, ஒரு கை ஏலக்காய், முகம் பிடிக்கவில்லை என்றால் ஓர் அறை. அதனால் சாவடி நெருங்கும்போது எல்லோரும் மணிக்குள் புல்லைத் திணித்துவிடுவோம். தாண்டியதும் பிடுங்கிப் போடுவோம். அங்கே புல் எப்போதும் மொட்டையாக இருக்கும். மாடு மேய்ந்தது என்று நினைப்பீர்கள். மேய்ந்தது நாங்கள்.

ஒரு சமயம் எஸ்டேட்டில் ஏலக்காய் களவு போயிருந்தது. சாவடிக்குப் புது ஏட்டு வந்திருந்தார். எங்கள் வழக்கம் அவருக்குத் தெரியாது. ஏலக்காய்ப் பொதியோடு கருப்பையா முன்னால் போனான். நான் ஒரு வளைவு பின்னால்.

"களவுச் சரக்கு இல்லேன்னா மணி ஏண்டா ஊமையாக் கெடக்கு?"

ஏட்டின் குரல் எனக்கும் கேட்டது. உங்களுக்குப் பயந்துதான் என்று கருப்பையா எப்படிச் சொல்வான்? நான் வளைவு திரும்பியபோது அவன் தரையில் கிடந்தான். வலது கை முறிந்திருந்தது. என் மாட்டு மணியிலும் புல்தான். அதற்குள் ஏட்டுக்குக் கை ஓய்ந்திருந்தது.

சரக்கு, பொதி ஏற்றிவிட்ட வியாபாரி காசு கொடுத்து வாங்கியதுதான் என்று தெரிந்து மறுநாளே அவனை விட்டுவிட்டார்கள். ஆனால் பேப்பரில் வந்துவிட்டது. ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை காப்பிக் கடையில் சத்தம் போட்டுப் படித்தார். ஏலக்காய்த் திருடன் பிடிபட்டான், தப்பியோடுகையில் பள்ளத்தில் விழுந்து கை முறிந்தது என்று.

அதன்பிறகு கருப்பையாவுக்கு எந்த வியாபாரியும் பொதி கொடுக்கவில்லை. "பேப்பர்லயே போட்டிருக்கானப்பா" என்றார்கள்.

எனக்குக் கோபத்தைவிட வேறொன்று குடைந்தது. சாவடியை ஒட்டிய அந்த இடம் நெல்லடிக்கிற களம் மாதிரி சமதரை. பள்ளம் எங்கிருந்து வந்தது?

பேப்பருக்குச் சேதி அனுப்புகிறவர் போடியில் பத்திரம் எழுதிப் பிழைத்தார். போய்க் கேட்டேன்.

"அய்யா, அந்தப் பள்ளம் எங்கிட்டு இருக்கு?"

"எனக்கென்னப்பா தெரியும்? ஸ்டேசன்ல சொன்னாக, எழுதுனேன்."

"நீங்க பாக்கலையா?"

"மெட்டுக்கு நான் எங்க ஏறுறது? முட்டிவலி."

"மாட்டு மேல ஏத்திக் கூட்டிப் போறேன்."

வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். அரிசி மூட்டை இருக்க வேண்டிய இடத்தில் அவர், குடையும் விரித்துக்கொண்டு. மாடு அடிக்கடி திரும்பிப் பார்த்தது. கட்டுப்போட்ட கையோடு கருப்பையாவும் வந்தான். சாவடிக்குப் பக்கத்தில் பத்திரக்காரர் இறங்கி, குடையை மடக்கித் தரையைத் தட்டிப் பார்த்தார். நாலு பக்கமும் நடந்தார்.

"எங்கன விழுகணும்னு நீங்களே சொல்லுங்க சாமி, விழுந்து காட்டுறேன்" என்றான் கருப்பையா.

ஏட்டு சாவடி வாசலுக்கு வந்தார். "என்னய்யா தேடுறீக?"

"பள்ளத்த" என்றார் பத்திரக்காரர்.

ஏட்டு உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நாளில் பேப்பரில் வந்தது. கடைசிப் பக்கம், ஏலக்காய் விலைக்குக் கீழே, பொடி எழுத்தில். சம்பவ ஸ்தலத்தில் பள்ளம் எதுவும் காணப்படவில்லை. அவ்வளவுதான். திருடன் இல்லை என்று போடவில்லை. அடித்தார்கள் என்றும் போடவில்லை. ஆனால் வியாபாரிகள் முதலில் பார்ப்பதே விலையைத்தானே. "பள்ளமே இல்லையாம்ல!" என்று கடைக்குக் கடை பேச்சு. கருப்பையாவுக்குப் பொதி கிடைத்தது. ஏட்டு அங்கேயேதான் இருந்தார்.

நாங்கள் புல் திணிப்பதை விடவில்லை. கருப்பையா மட்டும் விட்டுவிட்டான்.

"அரிசிதான மாப்ளே, எடுத்தா எடுத்துக்கிறட்டும். ஊமையாப் போயி ஒரு கை போனது போதும்."

மணி முழங்கச் சாவடியைத் தாண்டுவான்.

இப்போது மாடும் இல்லை, மணியும் இல்லை, சாவடியும் இல்லை. கருப்பையாவும் போய்ச் சேர்ந்துவிட்டான். மெட்டுக்கு ரோடு போட்டுவிட்டார்கள். ஒருதரம் பஸ்சில் போனபோது அந்த வளைவில் எட்டிப் பார்த்தேன். ரோட்டுக்கு வெடி வைத்ததில் அந்தச் சமதரை பெயர்ந்து போயிருந்தது. பழைய பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது இன்றைக்குப் போய்ப் பார்த்தால், முதலில் போட்டதுதான் சரி என்பார்கள். ஆள் ஆழத்துக்குப் பள்ளம் இருக்கிறது.