நான் எழுதிய மாரடைப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கோவில்பட்டியில் பத்திரிகை நிருபர். நடுவயதில் யார் இறந்தாலும் 'மாரடைப்பால் காலமானார்' என்று எழுதிவிடுவோம். பாய்லரில் வேலை பார்த்த மில் தொழிலாளி ஒருவருக்கும் அப்படித்தான் எழுதினேன்.

கரிசல் முழுக்கப் பருத்தி வெடித்திருந்த ஒரு மத்தியானம், அவர் மனைவி வந்தார். கையில், கணவர் சாகுமுன் மதுரை ஆஸ்பத்திரியில் எடுத்து, தாமதமாக வந்த சோதனை முடிவு.

"அண்ணாச்சி, மாரடைப்புன்னு யாரு சொன்னா? இருதயத்தை மூடியிருக்க சவ்வுல புத்துநோயாம். ரொம்ப அபூர்வமாம். பாய்லர் குழாயில சூடு போகாம சுத்துத கல்நார், அதான் ஆஸ்பெஸ்டாஸ், அந்தத் தூசியால வந்திருக்கலாமாம். வாரிசு வேலைன்னு என் கொழுந்தன் அங்கனயே சேர்ந்து மூணு வாரமாச்சு. நான் சொன்னா, உங்க பேப்பரைக் காட்டுதான்."

உடனே கிளம்பினோம். மில் வாசலில் கொழுந்தன் வெளியே வந்தான். முடி, புருவம், தோள் எல்லாம் வெள்ளை. கொதிக்கும் வெயிலில் பனிக்குள்ளிருந்து நடந்து வருபவனைப் போலிருந்தான்.

"என்ன மதினி, பேப்பர்காரரையே கூட்டியாந்துட்டியளா?" என்று சிரித்தான்.

"மாரடைப்புன்னு எழுதினவன் நான்தான். யாரையும் கேக்காம எழுதிட்டேன்" என்றேன். சோதனை முடிவைத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

சிரிப்பு நின்றது. தன்னையறியாமல் தோளைத் தட்டினான். தூசி எழுந்து, மினுங்கியபடி மெல்ல மிதந்தது. அது அடங்கும்வரை மூவரும் மூச்சை அடக்கி நின்றோம்.

மறுநாள் பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பினேன். அவனும் அந்த வேலையை விட்டான். அந்த மூன்று வாரம் அவன் இழுத்த மூச்சுக்கு மட்டும் என்னால் திருத்தம் போட முடியவில்லை.