பிறந்தநாளுக்கு நான் வாங்கித் தந்தது

என் கணவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சிகரெட் பிடிப்பவர். மகள் பிறந்ததும், ஜீவனஹள்ளியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்குள் அந்த நாற்றம் வரக்கூடாது என்று தினமும் சண்டை போட்டேன். அலுவலகத் தோழி ஒருத்தி, "வேப் வாங்கிக் குடு, அதான் எலெக்ட்ரானிக் சிகரெட். வெறும் ஆவிதான், ஒண்ணும் பண்ணாது" என்றாள். தடை செய்யப்பட்ட பொருள் என்று தெரிந்தும் பிரேசர் டவுனில் ஒரு கடையில் கேட்டு வாங்கினேன். அவருடைய பிறந்தநாளுக்குக் கொடுத்தேன்.

சிகரெட் நின்றது. வீட்டில் மாம்பழ வாசனை வந்தது. முன்பு பால்கனிக்குப் போனவர் இப்போது சோபாவில், கட்டிலில், சாப்பாட்டுக்கு நடுவில்கூட அதை இழுத்தார். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடத்தில் இருமல் பிடித்தது. மாடி ஏறும்போது நின்று நின்று ஏறினார். "வெயிட் போட்டுட்டேன், அதான்" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பியபோது இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "ஸ்மோக் பண்றீங்களா?" என்று கேட்டார். "விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார் இவர். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்பார்களே என்ற பயம். நிமோனியா என்று நினைத்து மருந்து கொடுத்தார்கள். நோய் அதற்குக் கேட்கவில்லை. மறுநாள் அவரை ஐசியூவுக்கு மாற்றியதும் கைப்பையிலிருந்து அந்த வேப்பை எடுத்து டாக்டரின் மேசைமேல் வைத்தேன்.

டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். "நேத்தே சொல்லியிருக்கணும்மா. இதுல இருக்கறது தண்ணி ஆவி இல்ல. வாசனைக்குப் போடற கெமிக்கல் எல்லாம் சூடாகி நேரா நுரையீரலுக்குள்ள போகுது."

மருந்தை மாற்றினார்கள். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். நுரையீரலில் விழுந்த தழும்பு மறையாது என்று சொல்லி அனுப்பினார்கள். கீழ்வீடு ஒன்று பார்த்துக் குடிபோனோம். வேலையை விட்டார்.

ஒரு மாலை பொறுக்க முடியாமல், "நான்தாங்க வாங்கிக் குடுத்தேன். டாக்டர் கேட்டப்பவும் சும்மா நின்னேன்" என்றேன்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "இழுத்தது நான்தானே. பொய் சொன்னதும் நான்தான். விடு."

அவர் விட்டுவிட்டார். என்னால் முடியவில்லை.

மகளுக்கு நாலு வயது. தூக்கச் சொல்லி அவரிடம் கேட்பதில்லை. யாரும் சொல்லித் தரவில்லை. தெருவில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, அவர் நிற்கும் இடத்தில் எல்லாம் தானும் நிற்கிறாள்.