பூச்சி தின்ற சதுரம்

நாங்கள் குடியிருக்கிற வோபர்னில் சாரி பிளவுஸ் தைக்கிற அன்ரி ஒருவர் இருந்தார். பெயர் நான் கேட்டதில்லை. மூக்குக்கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். தைத்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தையலைத் தடவிப் பார்ப்பார்.

நான் வான் ஓட்டுகிற பழம்பொருள் கடைக்கு, சுவரில் தொங்கவிடுகிற பழைய துருக்கி ஒட்டுத்துணி ஒன்று வந்தது. பட்டும் வெல்வெட்டுமாக நூறு சதுரத் துண்டுகள் இருக்கும். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. அதில் ஒரு சதுரத்தைப் பூச்சி தின்றிருந்தது. எந்தச் சதுரம் என்று குறித்துவைக்கிற புத்தி எனக்கும் இல்லை, முதலாளிக்கும் இல்லை. அப்படியே அன்ரியிடம் கொண்டுபோனேன்.

"அன்ரி, உது பிளவுஸ் இல்லை. பிழைச்சால் துருக்கிக்காரர் சண்டைக்கு வருவினம்."

"வரட்டும். அவைக்கும் அளவெடுத்து விடுறன்."

இரண்டு கிழமையில் அன்ரியே கடைக்கு வந்து துணியை விரித்தார்.

"ஒட்டுப் போட்டது தெரிஞ்சால் முன் ஜன்னலிலை தொங்கவிடமாட்டன்," என்ற முதலாளி, குனிந்து தேடி ஒரு மூலையில் விரலை வைத்தார். "இந்தா தெரியுது. தையல் கோணல்."

"அது துருக்கியிலை தைச்சது, தம்பி," என்றார் அன்ரி.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலாளி ஏணியை எடுத்துவரச் சொன்னார்.

இப்போது அது முன் ஜன்னலில் தொங்குகிறது. வருகிறவர்களிடம், "அதிலை ஒண்டு எங்கட அன்ரி தைச்சது," என்பேன். எது என்று கேட்பார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் தடவிப் பார்க்கிறேன். இன்னும் பிடிபடவில்லை.